வேனிற் காலமும் மாதர் உடற்பயிற்சியும்

கும்ப மாதத்துப் பூர நாளில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர்கள், அங்கே கண்ட காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆற்றுகால் பகவதி கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு, வீதிகளின் இரு மருங்கிலும், சந்துகளிலும், வீட்டு முற்றங்களிலும், கடைவாசல்களிலும் செங்கற்களை வைத்து அடுப்பு மூட்டி, மண்பானையில் பொங்கலிட்டபடி பெண்கள் அமர்ந்திருப்பார்கள். 2009-ஆம் ஆண்டில் அவ்வாறு கூடியவர்களின் தொகை 25 லட்சம் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகியே இங்கு வந்து அமர்ந்தாள் என்பது அக்கோயிலைப் பற்றிய ஐதிகம். திருவிழா வருவதோ பிப்ரவரியில், அல்லது மார்ச்சு மாதத்தில். மேலே வெயில், முன்னே நெருப்பு, கண்ணிலே புகை. முதல் நாளே வந்து இடம் பிடித்து, இரவு முழுவதும் நடைபாதையில் கழித்து, மறுநாள் பொங்கல் பானையைத் தலையில் சுமந்துகொண்டு பஸ் ஏறும் பாட்டிமார்களும் அக்கூட்டத்திலே உண்டு.

பெண்கள் வெயில் தாங்கமாட்டார்கள் என்று சொல்லுகிறவர்கள் ஒரு முறை இதனைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த ஒரு நாள், நகரத்தின் வீதிகள் முழுவதும் பெண்களுக்கே உரியவை. ஆனால் மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அதே வீதியில், அவர்களுள் ஒருத்தி காலணியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் விரைந்து நடந்து வரப் புறப்பட்டால் என்ன ஆகும்? "இந்த நேரத்தில் தனியாக எங்கே?" என்று வீட்டிலே ஒரு கேள்வி பிறக்கும். வீதியிலே ஒரு பார்வை தொடரும். வேனிற்காலத்தில் மாதர் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசப் புகும் நாம், எடையையும் இடையையும் பற்றிப் பேசுமுன் இந்தக் கேள்வியையும் இந்தப் பார்வையையும் பற்றிப் பேசியாக வேண்டும்.

கோடை பிறந்ததும் பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் ஒரு பாட்டுத் தொடங்கிவிடுகிறது. இத்தனை நாளில் இத்தனை கிலோ குறையலாம், இந்தப் பானத்தைக் குடித்தால் வயிறு ஒட்டும், கோடை விடுமுறைக்கு உடலைத் தயார் செய்யுங்கள் என்றெல்லாம் படிக்கிறோம். இது மேனாட்டுச் சரக்கு. குளிர் மிகுந்த அந்நாடுகளில் எட்டு மாதம் கம்பளிக்குள் அடைபட்டுக் கிடந்த உடல், வெயில் கண்டதும் கடற்கரைக்கு ஓடுகிறது. அங்கே கோடைதான் வெளியில் ஓடியாடுவதற்கு ஏற்ற பருவம். நம் நாட்டு நிலை இதற்கு நேர்மாறானது. மார்ச்சு முதல் மே வரையுள்ள மூன்று மாதங்களே உடற்பயிற்சிக்கு மிகக் கடினமான காலம். ஆகையால் அவர்களுடைய கோடைப் பேச்சை அப்படியே எடுத்து வந்து நம் பெண்களிடம் சொல்வது, மழைக் கோட்டை மாசியில் விற்பதற்கு ஒப்பாகும்.

திருவனந்தபுரத்து வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏப்ரல் மாதத்தில் அங்கே பகல் வெப்பம் 33, 34 டிகிரி அளவிலேதான் நிற்கும். 40 டிகிரியைப் பார்த்துப் பழகிய வேலூர்க்காரர்களும் திருச்சிக்காரர்களும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர்களே அங்கு வந்து பத்து நிமிடம் நடந்தால் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும், சிரிப்பும் நின்றுவிடும். காரணம் காற்றிலுள்ள ஈரம். நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழிகளில் தலையாயது வியர்வை. வியர்ப்பதனால் மட்டும் உடல் குளிர்ந்துவிடுவதில்லை. அந்த வியர்வை தோலின்மீது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகுமானால், அது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாக இடமின்றிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. சொட்டும் வியர்வையால் நீரும் உப்பும் நஷ்டமாவதுதான் மிச்சம், குளிர்ச்சி கிடைப்பதில்லை. மழை பெய்யும் நாளில் கொடியில் போட்ட துணி உலராமல் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. திருவனந்தபுரம் ஏறத்தாழ எட்டரை டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தின் நடுவில், விஷுவை ஒட்டிய நாட்களில், சூரியன் அந்நகரின் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கிறான். அந்நாட்களில் நம் கடிகாரப்படி பகல் 12 மணி 20 நிமிட அளவில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருப்பதில்லை. நண்பகலை ஒட்டிய வேளையில் திறந்த வெளியில் உடலை வருத்துவது தகாது என்பதனால்தான், கேரளத்துத் தொழில் துறையும் கோடைதோறும் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாதென்று உத்தரவு பிறப்பித்து வருகிறது.

அப்படியானால் எஞ்சியிருக்கும் நேரம் எது? விடியற்காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை. பிறகு மாலை ஆறு மணிக்குமேல். அதிகாலையில் காற்றின் ஈரம் பகலைவிட அதிகம் என்பது உண்மையே. ஆயினும் வெப்பம் 25, 26 டிகிரிக்குத் தணிந்திருக்கும்; வெயிலின் நேர்த் தாக்குதல் இல்லை; தரையும் சுவரும் ஆறியிருக்கும். ஆகவே அதுவே சிறந்த நேரம். இங்கேதான் சிக்கல் வருகிறது. காலை ஐந்து முதல் ஏழு வரை நம் வீடுகளில் பெண் எங்கே இருக்கிறாள்? அடுப்பங்கரையில். மாலை ஆறு மணிக்குமேல் அவள் எங்கே இருக்கவேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம்? விளக்கேற்றிவிட்டு வீட்டுக்குள். கதிரவன் ஒழித்துக் கொடுக்கும் நேரத்தைச் சமையலும் சம்பிரதாயமும் எடுத்துக்கொண்டால், பெண்ணுக்கு எஞ்சுவது உச்சிவெயில் ஒன்றுதான். குளிர்காலத்தில் ஒன்பது மணிக்குக்கூட நடந்துவிடலாம்; கோடையில் அது இயலாது. பெண்கள் உடற்பயிற்சி செய்வதில்லை என்று குறை கூறுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

குறை இருப்பது மெய்தான். 2024-ஆம் ஆண்டு லான்செட் குழுமத்து மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் அத்தகையவர் நூற்றுக்கு 42 பேர். கேரளத்தைத் தனியே எடுத்துக்கொண்டால், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அங்குள்ள பெண்களில் நூற்றுக்கு 38 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் என்று காட்டுகிறது. அதே கணக்கெடுப்பு, நூற்றுக்கு 36 பெண்களுக்கு இரத்தசோகை இருப்பதாகவும் காட்டுகிறது. பி. டி. உஷாவையும், ஷைனியையும், வல்சம்மாவையும், பீனாமோளையும் ஓட்டப் பந்தயத்துக்குத் தந்த நாடு இது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உஷா பதக்கத்தை இழந்தது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தால். ஓடுகளத்திலே அவ்வளவு வேகம். வீதியிலே இவ்வளவு தயக்கம்!

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடம்; ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஐந்து மணி நேரம் உழைப்பவளைப் பார்த்து ‘உடற்பயிற்சி செய்’ என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஐந்து மணி நேரம் எப்படிக் கழிகிறது? பெரும்பகுதி நின்றபடியே கழிகிறது. அம்மியும் உரலும் போன பின்பு கைக்கும் தோளுக்கும் இருந்த வேலை குறைந்தது. நிற்பதும் குனிவதும் மட்டும் அப்படியே இருக்கின்றன. கால் வீங்குகிறது, இடுப்பு நோகிறது, களைப்பு மிகுகிறது. இதயமோ விரைந்து துடித்துப் பழகுவதில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியால் இதயமும் நுரையீரலும் எலும்பும் வலுக்கின்றன. களைப்பால் அவ்விதம் நேர்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அளவு, வாரத்துக்கு 150 நிமிடமேனும் ஓரளவு மூச்சு வாங்கும்படியான உழைப்பு. அத்துடன் வாரத்தில் இரு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் போதும். பேச முடியும், பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கினால் நடையின் வேகம் சரி என்று கொள்ளலாம்.

இனிப் பார்வையைப் பற்றிச் சொல்லுவோம். திருவனந்தபுரத்தில் நடைக்குப் பேர்பெற்ற இடம் மியூசியம் வளாகமும் அதனையடுத்த கனகக்குன்று மாளிகைத் தோட்டமும். ராபர்ட் சிஷோம் கட்டி 1880-இல் முடித்த நேப்பியர் மியூசியத்தைச் சுற்றிலும் பெரிய மரங்கள், நிழல் உண்டு, மேடும் பள்ளமுமான பாதையானதால் காலுக்கும் நல்ல வேலை. ஆண்களும் பெண்களும் நாள்தோறும் அங்கே நடக்கிறார்கள். 2022 அக்டோபர் இறுதியில், அந்த வளாகத்தின் அருகே அதிகாலை நடைக்கு வந்த ஒரு பெண்ணை ஒருவன் தாக்கிவிட்டு ஓடினான். கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை ஆராய்ந்து, சில நாட்களுக்குப் பிறகு போலீசார் ஒருவரைக் கைது செய்தனர். செய்தி பரவியதும் எத்தனை வீடுகளில் ‘இனிமேல் காலை நடை வேண்டாம்’ என்ற பேச்சு எழுந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். குற்றம் செய்தவன் ஒருவன். நடையை விட்டவர்கள் பலர். திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்வது போன்றதே இது. வேண்டியது விளக்கு, காவல், கூட்டம். பெண்கள் மிகுதியாக நடமாடும் பாதையே பெண்களுக்குப் பாதுகாப்பான பாதை. 2019 டிசம்பர் 29-ஆம் தேதி இரவு 11 மணி முதல் ஒரு மணி வரை, பொது இடம் எமக்கும் உரியது என்னும் கொள்கையுடன் கேரள அரசின் மகளிர், குழந்தைகள் நலத் துறை பெண்களின் இரவு நடையை ஏற்பாடு செய்ததும் இந்த எண்ணத்தில்தான். ஓர் இரவு நடந்தால் உடல் வலுக்காது. ஆனால் வீதிக்கு அது ஒரு செய்தி.

தாக்குதல் அரிது. அன்றாடம் வருத்துவது வேறொன்று. ‘இந்த உடம்போடு ஓட வந்துவிட்டாளே’ என்று எவரேனும் நினைப்பார்களோ என்னும் கூச்சம்தான் அது. பருத்தவர்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு, மெலிந்தவர்களுக்கும் உண்டு. பிள்ளை பெற்று வயிறு தளர்ந்தவர்களுக்கு மிகுதி. வியர்வையில் ஆடை உடலோடு ஒட்டுகிற கோடையில் அது இரட்டிப்பாகிறது. ஆகவே சிலர் அந்த வெப்பத்திலும் தடித்த ஆடைக்குமேல் ஒரு துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். உடல் குளிர வேண்டிய வழியை அடைத்துவிட்டு நடந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்?

பெண் எதை உடுத்தவேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்யும் வழக்கம் இந்த மண்ணில் நீண்ட வரலாறு உடையது. திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் நிலத்தில், நாடார் குலப் பெண்கள் தங்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் அடிபட வேண்டியிருந்தது. 1820-களில் மூண்ட அக்கலகம், 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்திலிருந்து பிறப்பித்த பிரகடனத்தால் தணிந்தது. அப்போதும் ‘மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது’ என்ற நிபந்தனை அதிலே இருந்தது! அன்று மறைக்காதே என்றார்கள். பின்னர் அதே ஊரில் மறை, மறை என்றார்கள். இரண்டிலும் கேட்கப்படாமல் போனது உடுத்துகிறவளின் கருத்து. கோடைப் பயிற்சிக்கு எந்த ஆடை நல்லது என்று எம்மைக் கேட்டால், தளர்ந்த, மெல்லிய, வெளிர்நிறப் பருத்தி ஆடை என்போம். சல்வாரோ, முழுக்கால் சட்டையும் மேற்சட்டையுமோ, நூல் சேலையோ, அது அவரவர் விருப்பம். சேலையைச் சற்று உயர்த்திக் கட்டிக் காலுறையும் காலணியும் அணிந்து நடக்கும் மூதாட்டிகளை மியூசியத்துப் பாதையில் காணலாம். அவர்கள் நடையைப் பார்த்தால் இளம்பெண்கள் வெட்கப்படவேண்டும். காலணி மட்டும் காலுக்குப் பொருந்தியதாக இருக்கட்டும். ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வேகநடை வேண்டாம்.

உடம்பைக் கண்ணாடியில் பார்த்து மதிப்பிடுவதைவிட, அது எதைச் செய்கிறது என்பதைக் கொண்டு மதிப்பிடுவது மேல். மூன்று வாரத்துக்குமுன் மாடிப்படி ஏறும்போது எத்தனை இடத்தில் நின்றோம், இன்று எத்தனை இடத்தில் நிற்கிறோம்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? தரையில் அமர்ந்து கையூன்றாமல் எழ முடிகிறதா? இவையே நல்ல அளவுகோல்கள். எண் வேண்டுமென்போருக்கு, எடை பார்க்கும் கருவியைவிடத் தையற்காரரின் நாடா பயன்படும். ஆசியப் பெண்களுக்கு இடைச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குமேல் போனால், நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு மிகுகிறது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். அது நோயைத் தடுப்பதற்கான எண். அழகுக்கான எண் அன்று. கோடையில் நடந்துவிட்டு வந்து எடை பார்த்தால் அரைக்கிலோ, ஒரு கிலோ குறைந்திருக்கும். மகிழ்ந்துவிட வேண்டாம். குறைந்தது தண்ணீர், இரண்டு செம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெண்களில் பலர் வெளியில் புறப்படுமுன் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் தூய்மையான கழிப்பிடம் கிடைக்காது என்பதே காரணம். கோடையில் இது பெரிய தீங்கு. வியர்வையில் இழந்த நீர் ஈடு செய்யப்படாமல் தலைவலி, மயக்கம், மூத்திரக் கடுப்பு, சிறுநீர்த் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நகரசபைகள் நடைபாதைக்கு ஓடு பதிக்கும் செலவில் ஒரு பங்கைப் பெண்களுக்கான கழிப்பிடத்தில் போட்டால், அதுவே சிறந்த உடற்பயிற்சித் திட்டமாகும். அதுவரையில், வீட்டிலிருந்து அரைமணித் தொலைவுக்குள் முடியும் பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. புறப்படுமுன் ஒரு குவளை, வந்தபின் இரண்டு குவளை நீர் அருந்தவேண்டும். நிறைய வியர்த்தவர்கள் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோரோ குடிக்கலாம். மலையாளத்தில் சம்பாரம் என்று அவர்கள் சொல்லும் இந்த மோர், நீரையும் உப்பையும் ஒருங்கே தருகிறது. விலை உயர்ந்த புட்டிப் பானங்கள் தருவதும் அதைத்தான், சர்க்கரையையும் வண்ணத்தையும் சேர்த்து. உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சூட்டுக்கு உடல் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும். பழகிய உடல் முன்கூட்டியே வியர்க்கத் தொடங்குகிறது. வியர்வையில் உப்பையும் குறைவாகவே விடுகிறது. ஆகவே முதல் நாளே அரைமணி நேரம் ஓடக்கூடாது. பதினைந்து நிமிட நடையோடு தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். இரத்தசோகை உள்ளவர்களுக்குச் சிறு மேடு ஏறினாலும் மூச்சு முட்டும். அதைச் சோம்பலென்று வீட்டார் ஏசுவதும் அவளே தன்னை நொந்துகொள்வதும் தவறு. இரத்தப் பரிசோதனை செய்து, ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவாயிருந்தால் முதலில் அதற்கு மருத்துவம் செய்யவேண்டும். முருங்கைக்கீரையும் சிறுமீன்களும் பயறு வகைகளும் உதவும். உணவோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் ஏற்கத் துணைசெய்கின்றன. மாதவிலக்கு நாட்களில் உடல் இடங்கொடுத்தால் நடப்பதில் தீங்கில்லை, இடங்கொடுக்காவிட்டால் ஓய்வு கொள்வதிலும் குற்றமில்லை. தொடைகள் உராய்ந்து புண்ணாவதும், வேர்க்குருவும், மடிப்புகளில் படர்தாமரையும் கோடையில் பலரையும் நடையை விடச் செய்பவை. இவற்றை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். நடந்து வந்ததும் குளித்து, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த பருத்தி உள்ளாடை அணிவதே பாதி மருந்து. உராயும் இடத்தில் புறப்படுமுன் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

நடக்கும்போது தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலோ அப்போதே நிழலில் அமர்ந்து, உடையைத் தளர்த்தி, நீரருந்த வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கே ஆபத்தான வெப்பத்தாக்கு. உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, 108 வண்டியை அழைத்து மருத்துவமனை சேர்ப்பிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் தண்ணீர் புகட்டுவது கூடாது.

வெளியில் செல்ல இயலாதவர்கள் என்ன செய்வது? கிழக்குக் கோட்டையருகே 1956-இல் கோவிந்தன்குட்டி நாயர் நிறுவிய சி. வி. என். களரியை எண்ணிப் பார்க்கிறோம். களரித்தளம் நிலமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்டது. மரபுப்படி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டது. காற்றின் வேகமும் வெயிலும் நேரே தாக்காமல் மண்தரை குளிர்ந்திருக்கும். ஆயுதம் எடுக்குமுன் அங்கே பல மாதம் மெய்ப்பயிற்சி மட்டுமே: தாழ்ந்து அமர்தல், கால் வீசுதல், குனிந்து நிமிர்தல், அடியெடுத்து வைத்தல். உடம்பெல்லாம் கண்ணாகவேண்டும் என்பது களரியாசான்களின் வாக்கு. பிறர் கண்ணுக்கு அஞ்சி ஒடுங்கும் உடம்புக்கு இதைவிட நல்ல எதிர்மொழி நமக்குத் தோன்றவில்லை. வடகரையைச் சேர்ந்த மீனாட்சியம்மாள் சிறுமியாகக் களரியில் கால்வைத்து, எழுபது வயதைக் கடந்தும் வாள் சுழற்றி, 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெண்பிள்ளைகள் பருவமெய்தியதும் களரியை விட்டு நிறுத்தப்பட்ட காலத்தில் அவர் நிற்கவில்லை. வடக்கன் பாட்டுகளின் உண்ணியார்ச்சையும் சண்டைக்கென்று புறப்பட்டவள் அல்லள். அல்லிமலர்க் காவில் கூத்துப் பார்க்க நடந்து சென்றவள். வீட்டார் தடுத்தனர், வழியில் மறித்தனர். அதன்பின்தான் உறுமி வெளியே வந்தது.

களரியில்லாத ஊரில், மெய்ப்பயிற்சியின் எளிய பகுதியை வீட்டுக்குள்ளேயே செய்யலாம். நாற்காலியில் அமர்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, நீர் நிறைந்த இரு செம்புகளைக் கைக்கொன்றாகத் தோளுக்கு உயர்த்தி இறக்குவது ஆகிய மூன்றை வாரத்தில் இரு நாள் செய்தால், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புக்கும் அது பெருந்துணை. மின்விசிறியின் கீழே செய்வதில் இழிவொன்றும் இல்லை.

நீச்சலைப் போலக் கோடைக்கு இசைந்த பயிற்சி வேறில்லை. 1959 செப்டம்பர் 29-இல் ஆரதி சாஹா ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் ஆசியப் பெண்ணானார்; அதற்கு ஒரு மாதம் முன்பு முயன்று தோற்றவர் அவர். ஆனால் கோவளத்திலும் சங்குமுகத்திலும் கடலில் இறங்குவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். அமைதியாகக் காணும் கோடைக் கடல், தெற்கே தொலைதூரத்தில் எழுந்த புயலின் அலைகளைச் சுமந்து வந்து, முன்னறிவிப்பின்றிக் கரையேறும். மீனவர்கள் அதனைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மார்ச்சு 31-ஆம் தேதி அது கேரளக் கரையில் பல வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளையம்பலத்து ஜிம்மி ஜார்ஜ் அரங்கத்திலுள்ளது போன்ற குளங்களில், பயிற்சியாளர் முன்னிலையில் கற்பதே முறை. குளம் நடத்துவோர் பெண்களுக்கென்று ஒதுக்கும் நேரத்தை நடுப்பகலில் வைக்காமல் காலையில் வைக்கட்டும்.

காலை நேரம் என்றதும் மீண்டும் அடுப்பங்கரைக்கே வந்து சேர்கிறோம். ஐந்தரை முதல் ஆறேகால் வரை பெண் வெளியே சென்றால் காப்பி யார் போடுவது? கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இது பெரிய புதிர் அன்று. முதல்நாள் இரவே மாவும் காய்கறியும் ஆயத்தமாயிருந்தால், பாலைக் காய்ச்சுவதும் இட்லிப் பானையை ஏற்றுவதும் எவர் கைக்கும் எட்டும் வேலைகள். வாரத்தில் ஐந்து நாளும் இயலாவிடில் மூன்று நாளேனும் அந்த முக்கால் மணி அவளுடையதாகட்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து புறப்பட்டால், வீட்டார் அச்சமும் வீதியின் பார்வையும் ஒருசேரக் குறையும். ஒருத்தி சோம்பினாலும் மற்றவள் வாசலில் வந்து அழைப்பாள்.

ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். களரிகளில் எண்ணெய் பூசி உழிச்சல் தொடங்குவது அப்போதுதான். வேனிலில் நடந்து பழகிய கால்களுக்கு அந்தக் குளிர்ச்சியில் பத்து நிமிடம் கூடுதலாக நடப்பது சிரமமாக இராது. பாசி படர்ந்த படிகளிலும் ஓடு பதித்த நடைபாதைகளிலும் வழுக்கும். அடிப்புறம் தேய்ந்த காலணியை மட்டும் அதற்குமுன் மாற்றிவிட வேண்டும்.